ஒழுகும் வால்வு, அடைத்த வடிகட்டி: வீட்டு பீர்க் கருவிகளில் பழுது பார்ப்பது எப்படி?

அமெரிக்காவில் வீட்டில் பீர் காய்ச்ச வழிவிட்ட சட்டத்தில் ஜிம்மி கார்ட்டர் 1978 அக்டோபரில் கையெழுத்திட்டார். கடைகளில் கருவிகள் அரிதாக இருந்த அந்தக் காலத்தில், கொலராடோவின் பீர் ஆசிரியர் சார்லி பப்பாசியன் சொல்லிக்கொடுத்த, ஊறிய தானியத்திலிருந்து சாற்றைப் பிரிக்கும் வடிகட்டிக்கு இரண்டு பிளாஸ்டிக் வாளிகளே போதும். அடியில் நிறையத் துளைகள் போட்ட வாளியை, குழாய் பொருத்திய இன்னொரு வாளிக்குள் இறக்கினால் வேலை முடிந்தது. பின்னாளில் அந்த இடத்துக்கு ஐஸ் பெட்டி வந்தது. இப்படிச் சொந்தமாகச் செய்த கருவிகளில் பழுது பெரும்பாலும் இணைப்புகளில்தான் இருக்கும். வெறும் தண்ணீரை விட்டே அதைக் கண்டுபிடித்துவிடலாம்.

தமிழ்நாட்டில் உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். சட்டம் அனுமதிக்கும் நாடுகளில் வாழ்பவர்களுக்கே இந்த வழிகாட்டி.

1. வெந்நீர்ச் சோதனை

குளிர்ந்த நீரில் ஒழுகாத இணைப்பு சூட்டில் ஒழுகலாம். பெட்டியில் 70 டிகிரி செல்சியஸ் வெந்நீரை நிரப்பி, வால்வுக்கு அடியில் காகிதம் விரித்து அரை மணி நேரம் காத்திருங்கள். சுவரோரம் கசிந்தால் சிலிகான் வாஷரை மாற்றுங்கள். நட்டை அளவுக்கு மீறி முடுக்கினால் வாஷர் பிதுங்கி ஒழுக்கு கூடும். மரையில் கசிந்தால் டெஃப்லான் டேப்பைப் புதிதாகச் சுற்றுங்கள்.

2. வெப்பம் நிற்கிறதா?

முளைகட்டிய பார்லியின் மாவுச்சத்து சர்க்கரையாக மாற, 65 முதல் 68 டிகிரியில் ஒரு மணி நேரம் ஊற வேண்டும். முதலில் வெப்பமானியைச் சந்தேகியுங்கள். ஐஸ் கட்டியும் நீரும் கலந்த குவளையில் அது 0 காட்ட வேண்டும். கொதிநீரை வைத்துச் சோதிப்பவர்கள் ஊரின் உயரத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும்; டென்வரில் நீர் சுமார் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். வெப்பமானி சரியாக இருந்தும் சூடு இறங்கினால், பெட்டியை முன்னதாகவே வெந்நீரால் சூடாக்குங்கள். பல பெட்டிகளின் மூடி உள்ளே வெறும் கூடாக இருக்கும். மேலே கனத்த போர்வை போட்டு மூடினால் சூடு தங்கும்.

3. சாறு வடியாமல் நின்றால்

வால்வை ஒரேயடியாகத் திறந்தால் தானியப் படுகை அடியில் இறுகிவிடும். வால்வை மூடி, நன்றாகக் கிளறி, பத்து நிமிடம் விட்டு, கால்வாசி மட்டும் திறங்கள். அப்படியும் வடியாவிட்டால், வெளிக்குழாய் வழியாக வெந்நீரைப் பின்னோக்கிச் செலுத்துங்கள்.

அதுவும் பலிக்காவிட்டால் கோளாறு வடிகட்டியில். தண்ணீர் இணைப்புக் குழாயின் மேல் இருக்கும் எஃகு வலையை உருவி, வடிகட்டியாகப் பயன்படுத்துவார்கள். கிளறும்போது அது நசுங்கித் தட்டையாகிவிடும். சுருளாக வளைத்த துருப்பிடிக்காத எஃகுக் கம்பியை உள்ளே செருகினால் நிமிர்ந்து நிற்கும். எஃகு போலவே தோன்றும் பிளாஸ்டிக் வலை சூட்டில் துவண்டுவிடும்; அதைத் தூக்கிப் போடுங்கள். கோதுமையில் உமி இல்லாததால் அடைப்பு அதிகம். அதற்கு அமெரிக்கர்கள் கலப்பது நம் நெல் உமியைத்தான்.

4. குளிர்விக்கும் செம்புச் சுருள்

கொதித்த சாற்றை ஆற்றும் சுருளும் அதற்கு நீர் தரும் ரப்பர் குழாயும் சேரும் இடத்தில் கிளிப் தளர்ந்தால், கிருமி நீக்காத குழாய்நீர் ஆறிய சாற்றில் சொட்டும். முழுப் பானையும் புளித்துப்போகலாம். இணைப்பு பானைக்கு வெளியே தொங்கும்படி சுருளின் முனைகளை வளைத்துவிடுங்கள். சாறு மெதுவாக ஆறினால், கிருமி நீக்கிய கரண்டியால் கிளறிக்கொண்டே இருங்கள்.

5. ஏர்லாக்கில் குமிழி வரவில்லையா?

உடனே ஈஸ்ட் செத்துவிட்டது என்று முடிவு கட்ட வேண்டாம். ஏர்லாக் பொருத்திய நொதிகலனின் மூடியை மெல்ல அழுத்துங்கள். ஏர்லாக் நீர் உயர்ந்து உடனே இறங்கினால், காற்று மூடியோரம் கசிகிறது. நொதித்தலின் நிலையை, சாற்றின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர்தான் சொல்லும். நுரை பொங்கி ஏர்லாக் அடைத்துக்கொண்டால் மூடியே தெறிக்கும். ஏர்லாக்கைக் கழற்றி, தடித்த குழாயைப் பொருத்தி, மறுமுனையைக் கிருமிநாசினி நீரில் அமிழ்த்துங்கள்.

சில கருவிகளைப் பழுது பார்க்கவே கூடாது. துத்தநாக முலாம் பூசிய பாத்திரத்தில் அமிலத்தன்மையுள்ள சாறு பட்டால் துத்தநாகம் கரையும். ஈயம் கலந்த பற்றவைப்பு அதைவிட ஆபத்தானது. இவ்விரண்டில் எது இருந்தாலும் அந்தக் கருவியை இன்றே ஒதுக்கிவிடுங்கள்.