மின்னலால் மூளும் சிறு காட்டுத்தீ: மதிப்பிடலும் அடக்கலும்

(தோட்டக் கணக்கப்பிள்ளைமார், கண்காணிமார், சிறு இறப்பர்த் தோட்டச் சொந்தக்காரர் ஆகியோருக்கு)

சப்பிரகமுவ மாகாணம் மழைக்குப் பேர்போனது. இரத்தினபுரியில் ஆண்டொன்றுக்கு 3,500 மில்லிமீற்றருக்கும் மேற்பட்ட மழை பெய்கிறது. ஆகவே இங்குக் காட்டுத்தீக்கு இடமேது எனப் பலர் எண்ணுவர். அவ்வெண்ணம் முற்றிலும் சரியன்று. தை, மாசி மாதங்களில் மழை குறைகின்றது. அக்காலத்திலேயே இறப்பர் மரங்கள் இலையுதிர்க்கின்றன. மலை முழுவதும் சருகு பரவிக் கிடக்கின்றது. மேட்டு நிலங்களில் மானாப் புல்லும் இலுக்கும் காய்ந்து நிற்கின்றன. இதனையடுத்துப் பங்குனி, சித்திரை மாதங்களில் பிற்பகல் வேளைகளில் இடிமழை தொடங்குகின்றது. இம்மழை ஒரு மலையை நனைத்து அடுத்த மலையை நனையாது விட்டுச் செல்வதுண்டு. நனையாத மலையில் மின்னல் விழுமாயின் தீ மூளக்கூடும்.

நம் நாட்டில் மூளும் காட்டுத்தீக்களில் மிகப் பெரும்பாலானவை மனிதர் கையாலேயே மூள்கின்றன என்பதை முதலிற் கூறுதல் வேண்டும். மின்னலால் மூளும் தீ அரிது. எனினும், அது ஆள் நடமாட்டமற்ற முகட்டில், பாதையில்லாத இடத்தில் மூள்வதால், அதனை மதிப்பிடும் முறையை அறிந்திருத்தல் அவசியமாகும். எவ்வாறு மூண்ட தீயாயினும் மதிப்பிடும் முறை ஒன்றே.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். தெரணியகலைப் பக்கத்துத் தோட்டமொன்றில், 7ஆம் இலக்க இறப்பர் மலைக்கு மேலே மானாப் புல் முகடொன்று உண்டு. பிற்பகல் 3 மணிக்கு இடி இடித்தது, மழை பெய்யவில்லை. சிறிது நேரத்தில் முகட்டிலுள்ள பட்ட மரமொன்றிலிருந்து புகை எழுகின்றது. கண்காணியிடம் நான்கு ஆட்களும், மண்வெட்டிகளும் கத்திகளும் உள்ளன. அவர் என்ன செய்தல் வேண்டும்?

1. இடி ஓயும்வரை பொறுத்தல்

மின்னலைக் கண்டபின் 30 விநாடிகளுக்குள் இடியோசை கேட்குமாயின், மின்னல் ஏறக்குறைய 10 கிலோமீற்றருக்குள் உள்ளது. வெளியில் நிற்பது ஆபத்தாகும். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழியும்வரை ஒருவரும் முகட்டிற்கு ஏறலாகாது. கையில் இரும்பாயுதம் இல்லாதவருக்கும் இவ்விதி பொருந்தும். இந்த நேரத்தை வீணாக்காது, தோட்ட அலுவலகத்திற்கும் கிராம உத்தியோகத்தருக்கும் செய்தி அனுப்புக. அனர்த்த முகாமைத்துவ நிலையத்தை 117 என்னும் தொலைபேசி இலக்கத்தில் அழைக்கலாம்.

2. ஐந்து கேள்விகள்

தீயை நோக்கி நடக்குமுன், அதனை நன்கு காணக்கூடிய பக்கவாட்டு இடமொன்றில் நின்று பின்வருவனவற்றைக் கவனித்தல் வேண்டும்.

முதலாவது, எரிவது எது? ஒற்றைப் பட்ட மரம் புகைவது வேறு; காய்ந்த புல் எரிவது வேறு. புல்லிற் பற்றிய தீ ஓடுகின்ற மனிதனை எட்டிப்பிடிக்கும்.

இரண்டாவது, சரிவு எவ்வாறு உள்ளது? தீ மேல்நோக்கி விரைந்து ஏறும். கீழ்நோக்கி மெதுவாக இறங்கும். சரிவு 10 பாகை கூடுந்தோறும் ஏறும் வேகம் ஏறக்குறைய இரட்டிக்கும் என்பது பொதுக் கணக்கு.

மூன்றாவது, காற்று எப்பக்கம் வீசுகின்றது? பகலில் மலைக்காற்று சரிவில் மேலேறும், இரவில் கீழிறங்கும். இடிமேகம் அருகிலிருந்தால் காற்றுத் திடீரெனத் திசை மாறும்.

நான்காவது, சுவாலையின் உயரம் என்ன? நான்கு அடிக்கு மேல் எழும் சுவாலையைக் கையாயுதங்களால் நேரே தாக்குதல் கூடாது.

ஐந்தாவது, திரும்பும் வழி எது? ஏற்கனவே எரிந்து ஆறிய நிலம், ஓடை, அகன்ற பாதை ஆகியவற்றுள் ஒன்றேனும் அண்மையில் இருத்தல் வேண்டும். இதற்கு விடை கிடையாதாயின் மற்றைய நான்கிற்கும் நல்ல விடை கிடைத்தும் பயனில்லை.

3. சிறு தீயெனக் கருதி ஏமாறலாகாது

1949ஆம் ஆண்டு ஆகத்து 5ஆம் திகதி, ஐக்கிய அமெரிக்காவின் மொன்ரானா மாநிலத்தில், மான் கல்ச் என்னும் ஒதுக்குப்புறப் பள்ளத்தாக்கில் மின்னலால் மூண்ட தீயொன்றை அடக்கப் பயிற்சி பெற்ற வீரர்கள் விமானத்திலிருந்து குதித்தனர். மறுநாட் காலைக்குள் முடியும் வேலை என்றே அவர்கள் கருதினர். காற்று மாறிற்று, தீ அவர்களுக்குக் கீழே புல்லிற் பற்றி மேலேறிற்று. 13 பேர் இறந்தனர்; மூவரே தப்பினர். தமிழ்நாட்டின் தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில், 2018 மார்ச் 11ஆம் திகதி, மலையேறச் சென்றோர் சரிவிற் பரவிய தீயிடையே அகப்பட்டு 20 பேருக்கு மேல் மாண்டனர். சரிவில் தீக்கு மேற்பக்கத்தில் நிற்றல் எத்துணை ஆபத்தென்பதை இவ்விரண்டும் காட்டுகின்றன.

4. அடக்கும் முறை

மேற்கூறிய கண்காணி உடனே முகட்டிற்கு ஏறவேண்டியதில்லை. தீ மேலே உள்ளது. இறப்பர் கீழே உள்ளது. தீ மெதுவாகவே இறங்கும். ஆகவே இறப்பர் மலையின் மேலெல்லையிலுள்ள கானையும் பாதையையும் ஆதாரமாகக் கொண்டு தீத்தடை வெட்டுவதே தக்கது. ஒருவரைத் தீயும் வேலையாட்களும் ஒருங்கே தெரியும் இடத்திற் காவலாக நிறுத்துதல் வேண்டும். அவர் வேறு வேலை செய்யலாகாது. உருண்டு வரும் கட்டைகளைக் கண்டு எச்சரிப்பதும் அவர் பொறுப்பே.

தீத்தடை என்பது புல்லை வெட்டிவிடுவது மட்டுமன்று. வேரும் சருகும் நீக்கி மண் தெரியச் சுரண்டுதல் வேண்டும். அதன் அகலம் அங்கு நிற்கும் புல்லின் உயரத்தில் ஒன்றரை மடங்கிற்குக் குறையலாகாது. சுரண்டிய சருகைத் தீயில்லாப் பக்கத்தில் வீசிப் பரப்புக. சரிவின் கீழ்ப்பக்கத் தடையைப் பள்ளமாக வெட்டி மண்ணைக் கீழ்க்கரையில் அணைத்தால், உருளும் தணல் அதில் தங்கிவிடும். கெக்கில்லப் பன்னம் அடர்ந்த இடத்தில், பச்சை மேலே நிற்க, அடியிலுள்ள காய்ந்த படுக்கையூடாகத் தீ ஒளிந்து செல்லும். அப்படுக்கையை வெட்டி முழுவதும் சுருட்டி அகற்றுதல் வேண்டும்.

காற்றுத் தணியும் மாலையிலும், பனி நனைத்த விடியற்காலையிலும் தீ அடங்கியிருக்கும். நேரே தாக்குவதாயின் பாதை தெரியும் விடியற்காலையே ஏற்றது. அப்போதும் எரிந்து முடிந்த பக்கத்திலிருந்து தொடங்கி, இரு ஓரங்களாக முன்னேறுதல் வேண்டும். பயிற்சியில்லாதோர் எதிர்த்தீ மூட்டுதல் எக்காரணங்கொண்டும் கூடாது.

5. தணலைத் தேடுதல்

மின்னல் தாக்கிய மரத்தின் பொந்திலும் வேரிலும் தணல் பல நாட்கள் உறங்கிக் கிடக்கும். சாம்பலைக் கிளறி, மண்ணும் நீரும் கலந்து பிசைக. புறங்கையைச் சாம்பலுக்கு அண்மையிற் பிடித்து வெப்பத்தை உணர்க. எரியும் பட்ட மரம் எச்சரிக்கையின்றி முறிந்து விழும்; அதன் உயரத்தைப்போல் இரு மடங்கு தூரம் விலகி நிற்க. மூன்று நாட்களேனும் நண்பகல் வேளையிற் சென்று பார்த்தல் நன்று.

6. அடர்ந்த வனத்தினுள் மூண்டால்

சிங்கராஜ வனம், சிவனொளிபாத மலைச்சாரல் போன்ற ஈரக்காடுகளில் தாக்குண்ட மரத்தின் தீ பெரும்பாலும் பரவாது அவியும். அங்குத் தடை வெட்டுவதற்கென மரங்களை வீழ்த்தினால் வெயில் உட்புகுந்து கெக்கில்லவும் புல்லும் பெருகும். அடுத்த தீக்கு நாமே விறகு சேர்த்தவராவோம். வனபரிபாலனத் திணைக்களத்திற்கு அறிவித்து, எல்லையில் நின்று கவனித்தலே போதுமானது.

7. தீயின் பின்னர்

வெந்த இறப்பர் மரத்தை அவசரப்பட்டு வெட்டலாகாது. பட்டையைச் சிறிது கீறிப் பால் கசிகின்றதா எனப் பார்க்க. வெந்த பட்டையிற் பால் வெட்டுதலை நிறுத்துக. வைகாசியில் தென்மேற் பருவமழை தொடங்குமுன் கான்களைத் துப்புரவாக்கி, வெறுமையான சரிவை வெட்டிய புல்லால் மூடுதல் வேண்டும். இல்லையேல் தீ விட்டுச்சென்ற மேன்மண்ணை மழை கொண்டுசெல்லும்.

எரிந்த புல் ஒரு மழையில் தளிர்க்கும். எரிந்த இறப்பர் மரத்திற்குப் பதிலாக நட்ட கன்று ஆறேழு ஆண்டுகளிற் பால் தரும். முகட்டிற்கு அனுப்பிய ஆள் திரும்பாவிடின் அவர் லயத்திற்கு நாம் சொல்லக்கூடிய ஆறுதல் எதுவுமில்லை. ஆகவே, போகலாமா என்னும் ஐயம் எழுந்தால் போகாதிருத்தலே முறையாகும்.