இயேசு வனாந்தரத்தில் சோதிக்கப்படல்

வாசிக்க வேண்டிய பகுதிகள்: மத்தேயு 4:1-11, மாற்கு 1:12-13, லூக்கா 4:1-13
துணைப் பகுதிகள்: உபாகமம் 6 முதல் 8 வரை, சங்கீதம் 91, 1 இராஜாக்கள் 13



இந்தப் பாடத்தை நீங்கள் ஞாயிறு பாடசாலைக் காலத்திலிருந்தே அறிவீர்கள். கல், அப்பம், தேவாலயத்து உப்பரிகை, உயர்ந்த மலை என்று மூன்று சோதனைகளையும் நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வீர்கள். தெரிந்த பாடம்தானே என்ற எண்ணத்தினாலேயே பலர் இதில் புள்ளிகளை இழக்கிறார்கள். கதையைச் சொல் என்று கேட்டால் ஒரு பக்கம் எழுதுகிறார்கள். "பிசாசு வேதவசனத்தைக் கூறியிருந்தும் இயேசு அதை ஏன் ஏற்கவில்லை?" என்று கேட்டால் பேனை நின்றுவிடுகிறது. எனவே இக்கட்டுரையில் கதையைச் சுருக்கமாக முடித்துவிட்டு, அந்த ஒரு வினாவில் சற்று அதிக நேரம் நிற்போம்.

முதலில் ஒப்பீடு. மூன்று சுவிசேஷங்களும் இந்நிகழ்ச்சியை இயேசுவின் ஞானஸ்நானத்துக்குப் பின் வைக்கின்றன. மாற்கு இரண்டே வசனங்களில் முடித்துவிடுகிறார். சோதனைகள் எவை என்று அவர் கூறவில்லை. ஆனால் இயேசு காட்டு விலங்குகளின் நடுவே இருந்தார் என்ற செய்தி அவரிடம் மட்டுமே உண்டு. மத்தேயுவின் ஒழுங்கு அப்பம், ஆலயம், மலை. லூக்காவில் இரண்டாவதும் மூன்றாவதும் இடம் மாறி, சோதனை எருசலேம் ஆலயத்தில் முடிகிறது. பிசாசு சில காலம் மட்டுமே விலகிப்போனான் என்று கூறுபவரும் லூக்காவே (4:13). வினாவில் எந்தச் சுவிசேஷம் என்று கேட்கப்பட்டிருக்கிறது என்பதைப் பார்த்து எழுதுங்கள்.

மத்தேயு ஒரே பகுதியில் எதிராளிக்கு மூன்று பெயர்களைப் பயன்படுத்துகிறார்: பிசாசு, சோதனைக்காரன், சாத்தான். இயேசுவை வனாந்தரத்துக்குக் கொண்டு சென்றவர் ஆவியானவர். அவரைச் சோதித்தவன் பிசாசு. இவ்விரண்டையும் குழப்பிக் "கடவுள் இயேசுவைப் பாவத்துக்குத் தூண்டினார்" என்ற பொருள்பட எழுதிவிடாதீர்கள். கடவுள் ஒருவரையும் தீமைக்குத் தூண்டுவதில்லை என்று யாக்கோபு 1:13 தெளிவாகக் கூறுகின்றது.

நாற்பது நாள் என்பதையும் வெறும் எண்ணாக விட்டுவிட வேண்டாம். இஸ்ரவேலர் வனாந்தரத்தில் நடந்தது நாற்பது வருடம். மோசே சீனாய் மலையில் உண்ணாமல் இருந்தது நாற்பது நாள் (யாத்திராகமம் 34:28). எலியா ஓரேபுக்கு நடந்ததும் நாற்பது நாள் (1 இராஜாக்கள் 19:8). இவற்றுள் இஸ்ரவேலரின் நாற்பது வருடமே நமக்கு முக்கியமானது. இயேசு கூறிய மூன்று விடைகளும் அந்த வனாந்தரப் பயணத்தை நினைவூட்டும் உபாகமப் பகுதியிலிருந்தே வருகின்றன: 8:3, 6:16, 6:13. எந்த இடத்தில் இஸ்ரவேலர் தவறினார்களோ அந்த இடத்தில் இயேசு கீழ்ப்படிந்து நிற்கிறார்.

முதற் சோதனையைப் பாருங்கள். பசித்தவன் உண்பது பாவமல்ல. பின்னர் ஐந்து அப்பங்களைக் கொண்டு ஐயாயிரம் ஆண்களுக்கும், அவர்களுடன் வந்த பெண்கள் பிள்ளைகளுக்கும் உணவளித்தவர் இயேசுவே (மத்தேயு 14). அப்படியானால் ஒரு கல்லை அப்பமாக்குவதில் என்ன குற்றம்? பிசாசு தொடங்கிய விதத்தில் விடை இருக்கிறது. "நீர் தேவனுடைய குமாரனானால்" என்று அவன் தொடங்குகிறான். மத்தேயு 3ஆம் அதிகாரத்தின் கடைசி வசனத்தில், இவர் தமது அன்பு மகன் என்று வானத்திலிருந்து பிதா அறிவித்திருக்கிறார். அதிகார எண்கள் பிற்காலத்தில் இடப்பட்டவை. எண்ணை மறந்து தொடர்ந்து வாசித்தால், பிதா சொல்லி முடித்த ஒன்றையே பிசாசு மறுபடி கேள்வியாக்குவது விளங்கும். பிதா சொன்னது போதாது, நீர் செய்து காட்டும் என்பதே அதன் உட்கருத்து. இதே சொல்லைச் சிலுவையின் கீழ் நின்று பரிகசித்தவர்களும் சொன்னார்கள் (27:40). அங்கும் அவர் இறங்கி வந்து காட்டவில்லை.

இயேசு எடுத்துக்காட்டிய உபாகமம் 8ஆம் அதிகாரம், கடவுள் இஸ்ரவேலரைப் பசியாயிருக்கவிட்டு மன்னாவைக் கொடுத்ததைப் பேசுகிறது. மன்னாவுக்கு ஒரு விதி இருந்தது: அன்றன்றைக்குத் தேவையானதை மட்டும் எடுக்க வேண்டும். நாளைக்கென்று பதுக்கியவர்களின் மன்னா புழு பிடித்தது (யாத்திராகமம் 16:20). அவர்கள் கற்க வேண்டியிருந்தது கொடுப்பவரை நம்புவதை. அப்பம் மட்டும் மனிதனை வாழவைப்பதில்லை, கடவுளுடைய வார்த்தையே வாழவைக்கிறது என்ற அந்தப் பாடத்தையே இயேசு தமது பசியின் நடுவில் கூறுகிறார்.

இனி, நாம் நிற்கப்போகும் வினாவுக்கு வருவோம்.

ஒருமுறை இயேசு "எழுதியிருக்கிறது" என்று விடை கூறியதும் பிசாசு தன் முறையை மாற்றிக்கொள்கிறான். ஆலயத்தின் உப்பரிகையில் அவரை நிறுத்தி, அவனும் "எழுதியிருக்கிறது" என்கிறான். அவன் கூறுவது சங்கீதம் 91:11-12. இது பொய்யான வசனமா? இல்லை. நம் வீடுகளில் ஆபத்து வேளையிலும் பிரயாணத்துக்கு முன்னும் ஜெபமாகச் சொல்லப்படும் சங்கீதம் அது. ஏதேனில் பாம்பு செய்ததோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு மரத்தைத் தவிர எல்லா மரங்களின் கனியையும் உண்ணலாம் என்று கடவுள் கூறியிருக்க, எந்த மரத்தின் கனியையும் உண்ணக்கூடாது என்றாரோ என்று பாம்பு கேட்டது (ஆதியாகமம் 2:16-17, 3:1). அங்கே கடவுளின் வார்த்தை திரிக்கப்பட்டது. இங்கே அவ்வளவு வெளிப்படையான திரிப்பு இல்லை. வேதபுத்தகத்தைத் திறந்து, சங்கீதத்தையும் மத்தேயு 4:6ஐயும் பக்கத்தில் வைத்து ஒரு சொல் விடாமல் வாசியுங்கள். ஒரு தொடர் காணாமற் போயிருக்கும். மனிதனுடைய வழிகளிலெல்லாம் தூதர் அவனைக் காப்பார்கள் என்ற பகுதி மத்தேயுவில் பிசாசின் வாயில் வரவில்லை. லூக்காவில் "காக்கும்படி" என்பது உண்டு. "வழிகளிலெல்லாம்" என்பது இல்லை. உப்பரிகையிலிருந்து குதிப்பது ஒருவனுடைய வழி அல்லவே! அடுத்த வசனமாகிய 13, சிங்கத்தையும் பாம்பையும் மிதிப்பதைப் பற்றிப் பேசுகிறது. பிசாசு அதற்கு முன்னதாகவே நிறுத்திக்கொண்டான். (அது தற்செயல் என்று நான் எண்ணவில்லை. நீங்கள் என்ன எண்ணுகிறீர்களோ அதைக் காரணத்தோடு எழுதுங்கள்.)

இயேசுவின் விடையை மத்தேயு 4:7இல் கவனியுங்கள். அந்த வசனம் தவறு என்று அவர் கூறவில்லை. "என்றும் எழுதியிருக்கிறதே" என்ற பொருளில், வேதத்தின் இன்னொரு பகுதியைப் பக்கத்தில் வைக்கிறார். அந்தப் பகுதி உபாகமம் 6:16. அது மாசாவைக் குறிப்பிடுகின்றது. ரெவிதீமிலே தண்ணீர் இல்லாதபோது, கர்த்தர் எங்கள் நடுவில் இருக்கிறாரா இல்லையா என்று மக்கள் வாக்குவாதம் செய்த இடம் மாசா (யாத்திராகமம் 17:1-7). தண்ணீர் கேட்டது குற்றமல்ல. தண்ணீர் தந்தால்தான் கடவுள் இருக்கிறார் என்று நிபந்தனை வைத்ததே குற்றம். பழைய தமிழ் வேதாகமம் இதைப் "பரீட்சை பார்த்தல்" என்று கூறும். உங்களுக்கு நன்கு பழகிய சொல்! பரீட்சை நடத்துபவர் மேலே இருப்பவர். எழுதுபவர் கீழே இருப்பவர். கடவுளைப் பரீட்சை பார்ப்பவன் இடத்தை மாற்றிக்கொள்கிறான். ஆண்டு முழுவதும் புத்தகத்தைத் திறக்காமல் இருந்துவிட்டு, வினாத்தாள் வரும் வாரத்தில் உபவாசமிருந்து, "விசுவாசிக்கிறவனைக் கடவுள் கைவிடமாட்டார்" என்று கூறும் மாணவன் நிற்கும் இடமும் உப்பரிகைதான். ஜெபம் பிழையென்று நான் கூறவில்லை. ஜெபித்துவிட்டுப் படியுங்கள்.

எனது வகுப்பில் நடந்த ஒன்றையும் இங்கே கூற வேண்டும். சிறு பரீட்சை ஒன்றின்போது ஒரு மாணவன் தன் விடைத்தாளைப் பக்கத்திலிருந்தவனுக்குச் சரித்துப் பிடித்திருந்தான். கண்டித்தேன். அவன் எழுந்து, "மற்றவருடைய சுமையில் பங்கெடுக்கச் சொல்லிப் பவுல் கலாத்தியர் 6ஆம் அதிகாரத்தில் எழுதியிருக்கிறாரே, ரீச்சர்" என்றான். வகுப்பே சிரித்தது. எனக்கு உடனே விடை வரவில்லை. தாளை வாங்கி வைத்துக்கொண்டேன், அவ்வளவுதான். வீட்டுக்குப் போய் அந்த அதிகாரத்தை எடுத்துப் பார்த்தேன். அவன் கூறியது 6:2. மூன்று வசனம் தள்ளி 6:5இல், ஒவ்வொருவனும் தன் சுமையைத் தானே சுமக்க வேண்டும் என்ற கருத்து இருக்கிறது! கிரேக்க மூலத்தில் இரண்டு இடங்களிலும் வெவ்வேறு சொற்கள். முன்னையது ஒருவனை அழுத்தும் பாரம். பின்னையது ஒவ்வொருவனும் தூக்கிச் செல்லும் தன் பொதி. நோயுற்ற நண்பனுக்கு உங்கள் கொப்பியைக் கொடுத்துப் பாடத்தை விளங்கப்படுத்துவது முன்னையது. விடைத்தாள் பின்னையது. அடுத்த வகுப்பில் இதைக் கூறினேன். அவன், "நான் அவ்வளவு தூரம் வாசிக்கவில்லை" என்றான். நானும் அன்றைக்கு முன் அப்படி வாசித்திருக்கவில்லை.

வஞ்சனையைப் பற்றிய வினாக்களுக்கு 1 இராஜாக்கள் 13 மிகப் பயனுள்ளது. வகுப்புகளில் இது அதிகம் பேசப்படுவதில்லை. யூதாவிலிருந்து கடவுளின் மனிதர் ஒருவர் பெத்தேலுக்கு வந்து, அரசன் யெரொபெயாமின் பலிபீடத்துக்கு எதிராகத் தீர்க்கதரிசனம் கூறுகிறார். அங்கே உண்ணக்கூடாது, குடிக்கக்கூடாது, வந்த வழியே திரும்பக்கூடாது என்பது அவருக்கு இடப்பட்ட கட்டளை. அரசன் வீட்டுக்கு அழைத்து வெகுமதி தருவதாகக் கூறியபோது, பாதி வீட்டைத் தந்தாலும் வரமாட்டேன் என்று மறுத்துவிடுகிறார். பணத்தில் அவர் விழவில்லை. ஆனால் திரும்பும் வழியில் ஒரு மரத்தின் கீழ் அமர்ந்திருக்கையில் பெத்தேலின் முதிய தீர்க்கதரிசி ஒருவர் வந்து, தாமும் தீர்க்கதரிசியென்றும், அவரை அழைத்துச் சென்று உணவளிக்கும்படி தேவதூதன் தமக்குக் கூறினான் என்றும் சொல்கிறார். அது பொய் என்று வேதம் அவ்விடத்திலேயே கூறிவிடுகிறது. வந்தவர் நம்பினார், போனார், உண்டார். வழியில் சிங்கம் அவரைக் கொன்றது. பொய் சொன்னவர் தப்ப, ஏமாந்தவர் இறந்தது அநியாயம் என்று ஒவ்வொரு வருடமும் யாராவது ஒரு பிள்ளை வகுப்பில் கேட்கும். கேட்க வேண்டிய கேள்விதான். அதை முழுமையாகத் தீர்த்துவைக்க என்னால் முடியாது. ஆயினும் ஒன்றைக் கவனிக்கலாம்: கடவுள் தமக்கு நேரடியாகக் கூறிய தெளிவான கட்டளை ஒருபுறம் இருக்க, இன்னொருவர் கேட்டதாகக் கூறிய செய்தியை அதற்கு மேலே அவர் வைத்தார். அரசனிடம் எச்சரிக்கையாக இருந்தவர், பக்தியுள்ள முதியவரிடம் எச்சரிக்கையாக இருக்கவில்லை.

மூன்றாவது சோதனைக்கு அதிகம் கூறத் தேவையில்லை. அதில் "தேவனுடைய குமாரனானால்" என்ற பேச்சும் இல்லை, வசனமும் இல்லை, நேரடிப் பேரம். உலக இராச்சியங்களுக்கு விலை ஒரு முறை பணிதல். இயேசு கூறிய உபாகமம் 6:13க்கு முன்னுள்ள மூன்று வசனங்களையும் வாசியுங்கள். தாங்கள் கட்டாத பட்டணங்களும் வெட்டாத கிணறுகளும் கைக்கு வரும்போது கடவுளை மறந்துவிடாதிருக்க வேண்டும் என்று அங்கே எச்சரிக்கப்படுகிறது. மத்தேயுவின் இறுதியில் வேறொரு மலையின்மேல், வானத்திலும் பூமியிலும் எல்லா அதிகாரமும் தமக்குக் கொடுக்கப்பட்டிருப்பதாக இயேசு கூறுகிறார் (28:16-18). இரண்டு மலைகளுக்கும் இடையில் சிலுவை இருக்கிறது. சிலுவை வேண்டாம் என்று பேதுரு தடுத்தபோது, அவரையும் இயேசு சாத்தான் என்று அழைத்துக் கடிந்துகொண்டது ஏன் என்பது இப்போது உங்களுக்கு விளங்கும் (16:21-23).

விடை எழுதும்போது வசன எண்ணை மட்டும் எழுதி விட்டுவிடாமல், அது எந்தச் சூழ்நிலையில் கூறப்பட்டது என்பதை ஒரு வாக்கியத்திலாவது சேருங்கள். புதிய பொது மொழிபெயர்ப்பைப் பயன்படுத்துவோர் உபாகமத்தை இணைச்சட்டம் என்றும், சங்கீதத்தைத் திருப்பாடல்கள் என்றும் எழுதலாம். ஒரே விடையில் இரண்டு பெயர்களையும் கலக்க வேண்டாம்.

பயிற்சி வினா

(அ) மத்தேயுவும் லூக்காவும் தரும் சோதனைகளின் ஒழுங்கிலுள்ள வேறுபாட்டைக் குறிப்பிடுக.

(ஆ) "தண்ணீர் கேட்டது குற்றமல்ல." மாசாவில் இஸ்ரவேலர் செய்த தவறை விளக்கி, இரண்டாவது சோதனைக்கு இயேசு அளித்த விடையோடு அதைத் தொடர்புபடுத்துக.

(இ) உங்கள் நண்பன் ஒரு வேதவசனத்தைக் காட்டி, பிழையென்று உங்கள் மனத்துக்குத் தோன்றும் ஒரு செயலுக்கு உங்களை அழைக்கிறான். அவனுக்கு நீங்கள் கூறும் விடையை எழுதுக. (அவன் காட்டக்கூடிய வசனத்தை நீங்களே தெரிவு செய்து, அதற்கு முன்னும் பின்னுமுள்ள வசனங்களை வாசித்த பின்னரே எழுதத் தொடங்குங்கள்.)