கோவிலுக்கும் போங்க, ஆஸ்பத்திரிக்கும் போங்க: தீவிர மனநோயில் குடும்பமும் தெருவும் செய்ய வேண்டியவை

சங்கரன்கோவிலில் கோமதி அம்மன் சன்னதிக்கு முன்னால் இருக்கும் சக்கரத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். மனம் கலங்கியவர்களை அங்கே உட்காரவைத்தால் தெளியும் என்பது இந்த வட்டாரத்தின் பழைய நம்பிக்கை. "பிள்ளைக்கு ஒரு மாதிரியா இருக்கு, கொஞ்ச நாள் கோவில்ல வச்சிருந்து பார்ப்போம்" என்று இன்றும் வீடுகளில் பேசிக்கொள்கிறார்கள். அம்மனிடம் போக வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் அதே வாரத்தில் அரசு மருத்துவமனைக்கும் போய்விடுங்கள். ஏன் என்று பார்ப்போம்.

இது என்ன நோய்?

யாரும் பேசாதபோதே காதில் குரல் கேட்பது, "எனக்குச் சாப்பாட்டுல விஷம் வச்சிருக்காங்க" என்று உறுதியாக நம்புவது, தொடர்பில்லாமல் பேசுவது, குளிக்காமல், தூங்காமல், யாரோடும் சேராமல் ஒதுங்குவது. இவற்றைத் தீவிர மனநோய் என்கிறோம். மருத்துவர்கள் 'சைக்கோசிஸ்' என்பார்கள். மனச்சிதைவு இதில் ஒரு வகை. பெரும்பாலும் இளம் வயதில் தொடங்கும். காத்து கருப்போ, செய்வினையோ, வளர்ப்பில் வந்த குறையோ இதற்குக் காரணமில்லை. மூளையின் செயல்பாட்டில் வரும் கோளாறு இது, மருந்துக்குக் கட்டுப்படும். சிகிச்சை தள்ளிப்போகப் போக, குணமாவதும் கடினமாகும். அதனால்தான் அவசரம்.

எங்கே போவது?

மாவட்ட மனநலத் திட்டம் நாட்டில் 1996-ல் தொடங்கியது. தமிழ்நாட்டில் முதலில் திருச்சி மாவட்டத்தில் வந்து, பிறகு மற்ற மாவட்டங்களுக்கும் விரிந்தது. 2019-ல் உருவான தென்காசி மாவட்டத்தில்தான் சங்கரன்கோவில் இருக்கிறது. உங்கள் அரசு மருத்துவமனையிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ, "மனநல டாக்டர் எந்தக் கிழமை வர்றாங்க?" என்று கேளுங்கள். மேல்சிகிச்சை தேவைப்பட்டால் திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு உண்டு. உடனே பேச வேண்டுமா? 14416 என்ற 'டெலி மானஸ்' எண்ணுக்கு எந்த நேரமும் கட்டணமில்லாமல் அழைக்கலாம், தமிழிலேயே பேசுவார்கள். உயிருக்கு ஆபத்து என்றால் 108.

"இப்பதான் நல்லா இருக்கே, மாத்திரை எதுக்கு?"

நிறைய வீடுகளில் தவறு நடப்பது இந்த இடத்தில்தான். ஓர் உதாரணம். விசைத்தறியில் வேலை பார்க்கும் ஒரு தம்பிக்கு நோய் வருகிறது. மூன்று மாதம் மாத்திரை சாப்பிட்டுத் தெளிந்து, வேலைக்கும் போகிறான். மாத்திரை போட்டால் தூக்கமாக வருகிறது, தறியில் நிற்க முடியவில்லை என்று நிறுத்திவிடுகிறான். வீட்டிலும் யாரும் கேட்கவில்லை. சில மாதங்களில் குரல்கள் திரும்பி வருகின்றன.

தூக்கம், கை நடுக்கம், உடல் இறுக்கம், எடை கூடுவது எல்லாம் மருந்தின் பக்கவிளைவுகளாக வரலாம். அவற்றை மறைக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள். அளவைக் குறைக்கலாம், மருந்தை மாற்றலாம், மாதம் ஒருமுறை போடும் ஊசியும் உண்டு. நீங்களாக நிறுத்தாதீர்கள். சோற்றில் கலந்து தெரியாமல் கொடுக்கவும் வேண்டாம். ஒருநாள் தெரிந்துவிட்டால், விஷம் வைக்கிறார்கள் என்ற அவரது சந்தேகத்துக்கு நாமே சாட்சி சொன்னது போலாகிவிடும்.

தெருவின் வேலை

மருந்து குரல்களை அடக்கும். வேலையையும் நட்பையும் அதுவே திருப்பிக் கொடுத்துவிடாது. மனச்சிதைவு உள்ளவர்களுக்கு மருத்துவமனை சிகிச்சையோடு, பயிற்சி பெற்ற உள்ளூர் பணியாளர்கள் வீட்டுக்கே போய் உதவினால் என்ன ஆகும் என்று கோவா, சதாரா, காஞ்சிபுரம் ஆகிய இடங்களில் ஓர் ஆய்வு நடந்தது. அதன் முடிவு 2014-ல் வெளிவந்தது. மருத்துவமனை சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிட, இந்த உதவியும் சேர்த்துப் பெற்றவர்களிடம் நோய்க்குறிகளும் அன்றாட முடக்கமும் ஓரளவு கூடுதலாகக் குறைந்தன. தமிழ்நாட்டின் கிராமப்புறப் பகுதியில் இந்தப் பலன் தெளிவாகத் தெரிந்தது. அந்தப் பணியாளர்கள் மருத்துவர்கள் கிடையாது, நம்மைப் போன்றவர்கள்தான்.

அப்படியானால் நீங்கள் என்ன செய்யலாம்?

• "பைத்தியம்" என்ற சொல்லை விடுங்கள். பேர் சொல்லிக் கூப்பிடுங்கள்.
• குரல் கேட்கிறது என்றால் "பொய்"னு சண்டை போடாதீர்கள், ஆமாம் என்றும் சொல்லாதீர்கள். "உனக்கு அது கஷ்டமா இருக்குன்னு புரியுது, நான் கூட இருக்கேன்" என்றால் போதும்.
• டாக்டர் வரும் நாளில் கூடப் போக வீட்டில் ஆள் இல்லையா? பக்கத்து வீட்டு அண்ணாச்சி போகலாம்.
• சின்ன வேலை கொடுங்கள்: பூக்கட்டுவது, கடையில் பொட்டலம் மடிப்பது. மெதுவாகச் செய்தாலும் பொறுத்துக்கொள்ளுங்கள்.
• பார்த்துக்கொள்ளும் அம்மாவுக்கோ மனைவிக்கோ வாரத்தில் ஒரு மாலை ஓய்வு கொடுங்கள்.

சங்கிலி வேண்டாம்

2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தனியார் மனநலக் காப்பகம் ஒன்று தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை; 28 பேர் இறந்தார்கள். பலரை, வேறு வழி தெரியாமல் அங்கே கொண்டுவந்து விட்டவர்கள் சொந்தக் குடும்பத்தார்தான். அந்த வழியைக் காட்டுவதுதான் நம் எல்லாருடைய பொறுப்பு.

2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, மனநோய் உள்ளவரை எந்த வகையிலும் சங்கிலியால் கட்டக் கூடாது என்கிறது. அரசு சிகிச்சை பெறுவதும், சமூகத்தில் சேர்ந்து வாழ்வதும் அவர் உரிமை. ஆதரவில்லாமல் தெருவில் திரிபவரைக் கண்டால் காவல் நிலையத்தில் சொல்லுங்கள். அவருக்குப் பாதுகாப்பு தருவது காவல்துறையின் கடமை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016-ல் மனநோயும் சேர்க்கப்பட்டிருக்கிறது. பாதிப்பு 40 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் அடையாள அட்டை பெறலாம்; அதைக் கொண்டு எந்த உதவிக்கு விண்ணப்பிக்கலாம் என்பதை மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள்.

இதைப் படிக்கும்போது உங்கள் தெருவில் ஒரு வீடு நினைவுக்கு வந்திருக்கும். கதவு எப்போதும் சாத்தியே இருக்கும் வீடு. நாளைக்கு அந்தக் கதவைத் தட்டி, "எப்படி இருக்கீங்க?" என்று கேளுங்கள். 14416 என்ற எண்ணை ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு, "டாக்டர்ட்ட போகும்போது சொல்லுங்க, நானும் வாரேன்" என்று சொல்லுங்கள்.