ஒரு கைப்பிடித் தானியம்

நுழையும்முன்

கோழிகளுக்குத் தானியம் இறைப்பது சிற்றூர்களில் நாள்தோறும் நிகழும் எளிய செயல். தரையில் சிதறிய தானியத்தை எந்தக் கோழி முதலில் கொத்துகிறது, எது ஒதுங்கி நிற்கிறது என்பதை ஒரு சிறுவன் உற்றுநோக்கினான். விலங்குகளின் நடத்தை பற்றிய அறிவியலின் முக்கியக் கருத்து ஒன்று அதிலிருந்து பிறந்தது.

மாலை வேளையில் புறக்கடையில் நின்று ‘பா… பா…’ என்று குரல் கொடுத்தால் போதும். குப்பைமேட்டைக் கிளறிக்கொண்டிருந்த கோழிகள் சிறகடித்து ஓடிவரும். கையிலிருக்கும் கம்போ குருணையோ தரையில் விழுந்ததும் அவ்விடம் பரபரப்பாகிவிடும். பார்ப்பவர் கண்ணுக்கு அது ஒழுங்கற்ற கூட்டமாகவே தோன்றும். சற்றுப் பொறுத்து நோக்கினால் வேறொன்று புலப்படும். ஒரு பெட்டை தலையை நிமிர்த்தி இரண்டடி முன்னே வைக்கிறது. அருகிலிருந்த மற்றொரு பெட்டை தான் கொத்தவிருந்த மணியை விட்டு விலகுகிறது. அங்கே சண்டை இல்லை. எது எதற்கு வழிவிட வேண்டும் என்பது முன்பே முடிவாகியிருக்கிறது.

கொத்தும் வரிசை

இம்முடிவு எவ்வாறு அமைகிறது என்பதை முறையாக ஆராய்ந்தவர் நார்வே நாட்டவரான தோர்லெய்ஃப் ஷெல்டெருப்-எப்பே (1894–1976). சிறுவயதிலேயே கோழிகளிடம் ஈடுபாடு கொண்ட அவர், எந்தக் கோழி எதனைக் கொத்துகிறது என்பதைக் குறிப்பேட்டில் எழுதிவந்தார். அந்த ஈடுபாட்டின் தொடர்ச்சியாக அமைந்த அவரது ஆய்வு 1922ஆம் ஆண்டு ஜெர்மன் மொழியில் வெளிவந்தது. கூட்டத்திலுள்ள ஒவ்வோர் இணையிலும் ஒரு கோழி கொத்தும், மற்றது கொத்துப்படும். இவ்வாறு உருவாகும் படிநிலையே ‘கொத்தும் வரிசை’ எனப்பட்டது. அலுவலகம் முதல் அரசியல்வரை மனிதர் கூட்டங்களைக் குறிக்கவும் இன்று பயன்படும் இத்தொடர், கோழிமுற்றத்தில் பிறந்தது.

இவ்வரிசை எப்போதும் ஏணிப்படிபோல நேராக அமைவதில்லை என்பதையும் அவர் கண்டார். முதற்கோழி இரண்டாவதைக் கொத்தும். இரண்டாவது மூன்றாவதைக் கொத்தும். அந்த மூன்றாவதோ முதற்கோழியையே கொத்தும். இத்தகைய முக்கோண உறவுகளும் கோழிகளிடையே உண்டு.

வரிசை நிலைபெற, ஒரு கோழி மற்றொன்றை இன்னாரென்று அறிந்திருக்க வேண்டும். அதற்குத் தலையும் கொண்டையும் பெரிதும் உதவுகின்றன. ஒருமுறை தோற்ற கோழி, வென்றதை நினைவில் வைத்துத் தானாகவே விலகிக்கொள்வதால் மீண்டும் மீண்டும் போரிட வேண்டிய தேவை குறைகிறது. கொடுமையாகத் தோன்றும் இவ்வொழுங்குதான் முற்றத்தின் அமைதியையும் காக்கிறது.

சேவலின் அழைப்பு

உணவைக் கண்டதும் தானே முந்தும் பெட்டைகளுக்கு நடுவில் சேவல் வேறுவிதமாக நடந்துகொள்கிறது. சுவையான புழுவோ மணியோ கிடைத்தால், அதனை அலகால் எடுத்தும் கீழே போட்டும் ‘டுக் டுக்’ என ஒலியெழுப்பிப் பெட்டைகளை அழைக்கிறது. ஆஸ்திரேலியாவின் மக்குவாரி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இவ்வொலியைப் பதிவுசெய்து ஒலிக்கச் செய்தபோது, சேவல் அருகில் இல்லாத நிலையிலும் பெட்டைகள் தரையில் உணவைத் தேடின. அவ்வொலி, அவற்றுக்கு ‘இங்கே உணவு’ என்னும் பொருள் தரும் சொல்லாகவே இருக்கிறது. வலிய சேவல் பக்கத்தில் இருக்கும்போது, எளிய சேவல் ஓசையை அடக்கித் தலையசைவால் மட்டும் அழைக்கும். உணவே இல்லாமல் அழைத்து ஏமாற்றும் சேவல்களும் உண்டு!

தாய்க்கோழியின் அழைப்பில் இத்தகைய தந்திரம் இல்லை. இங்கிலாந்தின் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் நடந்த ஆய்வொன்றில், உண்ணத் தகாதது எனத் தான் அறிந்த நிற உணவைக் குஞ்சுகள் கொத்துவதைக் கண்ட தாய், தரையைக் கீறியும் கொத்தியும் தன் அழைப்பை மிகுவித்தது. தமிழகச் சிற்றூர்களில் பழங்கோணியும் சாணமும் ஓலையும் இட்டு நீர் தெளித்த பானையை மாலையில் மண்மீது கவிழ்த்து வைப்பர். காலையில் அதில் சேர்ந்திருக்கும் கரையானைக் குஞ்சுகளுக்குக் கொட்டும்போது, தாய் ஒவ்வொன்றாகக் கொத்திப் போட்டுக் குஞ்சுகளை அழைப்பதைக் காணலாம்.

கடைசிக் கோழி

வரிசையின் இறுதியில் நிற்கும் கோழிக்கு அழைப்போரும் இல்லை. தானியத்தை ஒரே இடத்தில் குவித்தால், வலிய கோழிகள் அதனைச் சூழ்ந்துகொள்ளும். கடைசிக் கோழி விளிம்பிலேயே நின்று மெலியும். இரை கிடைக்காமல் மெலிந்த கோழியை நோயுற்றது எனத் தவறாகக் கருதவும் கூடும். குறை கோழியிடம் இல்லை. தானியம் இட்ட முறையில் இருக்கிறது. ஆகவே தானியத்தை அகல வீசி இறைக்க வேண்டும். தீவனத் தட்டும் நீர்க்கலமும் இரண்டு இடங்களில் இருப்பது நல்லது. குருணை போன்றவை அளவோடு இருத்தலும் தேவை. மிகுதியாக உண்டால் சத்துள்ள தீவனத்துக்கு வயிற்றில் இடமிராது. காயம்பட்டுக் குருதி கசியும் கோழியை உடனே பிரித்துவிட வேண்டும். சிவந்த அவ்விடத்தையே பிற கோழிகள் விடாமல் கொத்தும்.

புதிய கோழி ஒன்றைக் கூட்டத்தில் சேர்க்கும்போது பழைய வரிசை கலைகிறது. சந்தையில் வாங்கிய கோழியை நேரே முற்றத்தில் விட்டால் எல்லாக் கோழிகளும் அதனைத் துரத்தும். அதனால் பட்டறிவு மிக்கோர் சில நாள்கள் பகலில் அதனைப் பஞ்சாரத்திற்குள் இட்டு முற்றத்தின் நடுவில் வைப்பர். பழைய கோழிகள் மூங்கில் இடைவெளி வழியே அதனைப் பார்த்துப் பழகும். பிறகு பஞ்சாரத்தைத் தூக்கும்போது சில கொத்தல்கள் நேரத்தான் செய்யும். அன்று மாலை தானியம் இறைக்கையில் புதிய கோழி எங்கே நிற்கிறது, எதனைக் கண்டு விலகுகிறது, எது அதனைக் கண்டு விலகுகிறது என்று பார்த்தால், அம்முற்றத்தில் அதற்குக் கிடைத்த இடம் தெரிந்துவிடும்.