செத்த ஆட்டை அறுக்குமுன்

ராஜகிரி, கிருஷ்ணகிரி மலைகளின் அடிவாரத்தில் ஆடு மேய்த்தும், வெள்ளிக்கிழமைதோறும் கூடும் செஞ்சிச் சந்தையில் அவற்றை விற்றும் ஜீவனம் செய்கிற குடும்பத்தில், நேற்று மாலை வரை நன்றாக மேய்ந்த ஆடு விடியற்காலையில் வயிறு உப்பிச் செத்துக் கிடந்தால், தோலையும் கறியையுமாவது காசாக்கலாமே என்று தோன்றுவது இயற்கை. ஆயினும், கத்தியை எடுக்குமுன் சற்று நிதானிக்கும்படி அவர்களை மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

முதற்கண், தொடாமல் விலகி நின்று பார்க்க வேண்டும். மூக்கிலும் வாயிலும் ஆசனத் துவாரத்திலும் உறையாத கரிய ரத்தம் கசிந்து, உடல் விறைக்காமல் இருக்குமாயின், அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) நோய் என்றே கொள்ளவேண்டும். ரத்தம் காணவில்லை என்பதாலேயே சந்தேகத்தை விட்டுவிடவும் கூடாது.

அறுக்கக் கூடாதென்பதற்குக் காரணம் உண்டு. மூடிய உடலுக்குள் கிருமிகள் அழுகலிலேயே பெரும்பாலும் மடிந்துபோகின்றன; அறுத்ததும் காற்றுப்பட்டவையோ, 1876-இல் ஜெர்மானிய வைத்தியர் ராபர்ட் கோக் ஆராய்ந்து காட்டிய வித்துக்களாக உருமாறி, மண்ணில் பல பத்தாண்டுகள் அழியாதிருந்து, அங்கே மேயவரும் மந்தையைக் கொல்ல வல்லவையாகின்றன. குழம்பில் கொதித்தால் அவை அழியுமென்று நம்புவதற்கில்லை.

ஆகவே, நாயும் காகமும் அண்டாமல் காவல் வைத்து, கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லியனுப்புங்கள். அவர்கள் சோதித்தபின் உடலை எரிப்பதே உத்தமம். இயலாவிடில், கிணற்றுக்கும் ஓடைக்கும் விலகிய மேட்டில் ஆறடி ஆழத்தில் புதைத்து வேலியிட வேண்டும்.

தொட்டுவிட்டவர்கள் சோப்புப் போட்டு ஓடும் நீரில் கைகளைக் கழுவி, பத்துப் பன்னிரண்டு நாள் வரை கை, கழுத்து, முகம் ஆகியவற்றைக் கவனித்துவர வேண்டும். நோய் தொற்றியிருந்தால், பூச்சி கடித்தாற்போல் அரிக்கும் சிறு தடிப்பு கொப்புளமாகி, நடுவே கரிந்தாற்போன்ற கறுப்புப் பொருக்கு கட்டி, சுற்றிலும் வீங்கும். பெரும்பாலும் வலி இராது. அந்த வலியின்மையே மக்களை ஏமாற்றிவிடுகிறது. அதைக் கீறாமல், பிதுக்காமல், பச்சிலை கட்டாமல், அன்றே அரசு மருத்துவமனைக்குச் சென்று, டாக்டர் கேட்காவிட்டாலும், ஆடு செத்ததையும் அதைத் தொட்டதையும் சொல்லிவிடுங்கள். சிகிச்சையின்றி விட்டால் நூற்றுக்குப் பத்து முதல் இருபது பேர் வரை மாளக்கூடிய இந்தச் சரும நோயில், பெனிசிலின் முதலிய மருந்துகளை உரிய காலத்தில் பெற்றவர்கள் இறப்பது மிக அபூர்வம்.

எஞ்சிய ஆடுகளை அந்த மேய்ச்சல் நிலத்திலிருந்து அகற்றி, ராணிப்பேட்டைக் கால்நடை நோய்த்தடுப்பு மருந்து நிலையம் தயாரிக்கும் அடைப்பான் தடுப்பூசியைக் கால்நடை மருத்துவர் யோசனைப்படி ஆண்டுதோறும் போடச் செய்யுங்கள். தொண்டை அடைப்பான் என்னும் வேறொரு நோய்க்குப் போட்ட ஊசி இதற்குக் காவலாகாது.