கணிப்பும் விருப்பமும்

நுழையும் முன்

மேற்கு வானத்தைப் பார்த்து உழவர் மழையைக் கணிப்பார். காற்றின் திசையை அறிந்து மீனவர் கடலின் போக்கைக் கணிப்பார். அதுபோலவே விளையாட்டு ரசிகரும் தம் அணியின் நாளையைக் கணிக்க முயல்கிறார். கணிப்பு எப்போது அறிவின்பாற்படும், எப்போது வெறும் ஆசையாகவே நின்றுவிடும் என்பதைப் பெங்களூரு கால்பந்து அணி ஒன்றின் வரலாற்றுவழி இப்பாடம் விளக்குகிறது.

நகரும் பந்தும்

பெங்களூருக்கும் கால்பந்துக்கும் உள்ள உறவு பழமையானது. அல்சூரை அடுத்த கௌதமபுரத்தில் தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றன. கால்பந்தைப் போற்றும் அப்பகுதியில் பிரேசில் வீரர் பெலேவுக்குச் சிலையும் உண்டு. பெங்களூரைச் சேர்ந்த அருமைநாயகம், 1962ஆம் ஆண்டு ஜகார்த்தாவில் நடைபெற்ற ஆசிய விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்ற இந்தியக் கால்பந்து அணியில் இடம்பெற்றவர்.

இந்நகரில் 2013ஆம் ஆண்டு பெங்களூரு எஃப்.சி. என்னும் அணி தோன்றியது. நீல நிறச் சட்டை அணிந்த அவ்வணி, தன் முதல் பருவத்திலேயே ஐ-லீக் பட்டத்தை வென்றது. 2016ஆம் ஆண்டு அப்பட்டத்தை மீண்டும் கைப்பற்றியது. அதே ஆண்டு ஏ.எஃப்.சி. கோப்பையின் இறுதிப் போட்டிக்கு முன்னேறிய முதல் இந்திய அணி என்னும் பெருமையையும் பெற்றது. ஸ்ரீ கண்டீரவா விளையாட்டரங்கின் மேற்குப் பகுதியில் கூடும் ரசிகர்கள், ஆட்டம் முடியும்வரை பாடலும் முழக்கமுமாக அணிக்கு ஊக்கமளித்தனர்.

2017ஆம் ஆண்டு அவ்வணி ஐ-லீக்கிலிருந்து விலகி, இந்தியன் சூப்பர் லீக்கில் சேர்ந்தது. ஜாம்ஷெட்பூர் எஃப்.சி. என்னும் புதிய அணியும் உடன் சேர்ந்தது. எட்டாக இருந்த அணிகளின் எண்ணிக்கை பத்தானது. இம்மாற்றம் ரசிகர்களுக்கு மகிழ்ச்சியுடன் ஒரு கவலையையும் தந்தது. கோப்பைகளை வென்று தந்த வீரர்கள் அனைவரையும் அணி தன்னிடமே வைத்துக்கொள்ள விதி இடந்தரவில்லை.

தேர்வு நடைபெறும் முறை

வீரர்களை அணிகளுக்குப் பகிர்ந்தளிக்க இருவகை முறைகள் உள்ளன. ஒன்று ஏலம். ஏலத்தில் மிகுதியான விலை கேட்கும் அணிக்கே வீரர் உரியவராவார். மற்றொன்று டிராஃப்ட் எனப்படும் முறைவழித் தேர்வு. இதில் வீரரின் ஊதியம் முன்னரே குறிக்கப்பட்டிருக்கும். அணிகள் தத்தம் முறை வரும்போது, பட்டியலில் எஞ்சியிருப்போருள் ஒருவரைத் தேர்ந்தெடுக்கும். ஆகவே, ஓர் அணி விரும்பும் வீரரை அதற்கு முன் அமர்ந்திருக்கும் அணி எடுத்துக்கொள்ளவும் கூடும்.

2017ஆம் ஆண்டின் டிராஃப்ட் ஜூலை 23ஆம் நாள் மும்பையில் நடைபெற்றது. பட்டியலில் இருநூறுக்கு மேற்பட்ட இந்திய வீரர்கள் இடம்பெற்றிருந்தனர். ஒவ்வோர் அணியும் மூத்த வீரர் இருவரையும், 21 வயதுக்கு உட்பட்ட இளைஞர் மூவரையும் வரை தக்கவைத்துக்கொள்ளலாம் என்பது விதி. பெங்களூரு அணி தன் தலைவர் சுனில் சேத்ரியையும், விரைந்தோடும் உதாந்தா சிங்கையும் தக்கவைத்தது. இளைஞருள் நிஷு குமார் அணியிலேயே தொடர்ந்தார்.

ஆனால், அவ்வாண்டு கோடைவரை நீலச் சட்டையில் ஆடிய சி. கே. வினீத், சந்தேஷ் ஜிங்கன் ஆகிய இருவரையும் கேரளா பிளாஸ்டர்ஸ் அணி தக்கவைத்துக்கொண்டது. கோல்கீப்பர் அம்ரிந்தர் சிங்கை மும்பை அணி வைத்துக்கொண்டது. ரசிகர்களின் அன்புக்குரிய நடுக்கள வீரர் யூஜின்சன் லிங்டோவின் பெயரோ டிராஃப்ட் பட்டியலில் இருந்தது.

ரசிகரின் தாள்

அந்த ஜூலை மாதத்தில் பெங்களூரு ரசிகர் ஒருவர், அணி யாரைத் தேர்ந்தெடுக்கும் எனக் கணிக்க அமர்ந்ததாகக் கொள்வோம். அவர் தாளில் முதலில் எழுதக்கூடிய பெயர் எது? ஐயமின்றி லிங்டோவின் பெயரே. பல பருவங்கள் தம் நகருக்காக ஆடியவர் மீண்டும் வர வேண்டும் என்று மனம் விழைவது இயல்பு. எனினும், அது விருப்பமே, கணிப்பு அன்று.

கணிக்க விரும்புபவர் மூன்று வினாக்களை எழுப்பிக்கொள்ள வேண்டும்.

முதல் வினா: அணிக்கு எது தேவை? அப்பருவத்தில் ஆடுகளத்தில் இறங்கும் பதினொருவருள் வெளிநாட்டவர் ஐவருக்கு மேல் இருத்தல் கூடாது. எனவே, குறைந்தது ஆறு இந்தியர் ஆட வேண்டும். சேத்ரியும் உதாந்தாவும் தாக்குதலுக்கு உரியவர்கள். ஜிங்கனும் அம்ரிந்தரும் இல்லாத நிலையில் தடுப்பாட்டத்திலும் கோல் காவலிலும் இடைவெளி தோன்றியிருந்தது. ஆகவே, அணி தடுப்பாட்டக்காரர்களை மிகுதியாக நாடும் என எதிர்பார்ப்பதற்குக் காரணம் உண்டு.

இரண்டாம் வினா: பிற அணிகளுக்கு எது தேவை? நல்ல வீரரை விரும்பும் அணி ஒன்றே ஒன்று அன்று. லிங்டோவுக்கும், தடுப்பாட்டக்காரர் அனஸ் எடத்தொடிக்காவுக்கும் குறிக்கப்பட்ட தொகை 1.10 கோடி ரூபாய். பட்டியலில் அதுவே மிக உயர்ந்த தொகை. அத்தகையோரை ஒன்பது அணிகளும் நோக்கிக்கொண்டிருக்கும்.

மூன்றாம் வினா: நம் முறை எப்போது வரும்? மூத்த வீரர் எவரையும் தக்கவைக்காத அணிக்குத் தொடக்கத்தில் முன்னுரிமை உண்டு. இருவரைத் தக்கவைத்த பெங்களூரு காத்திருக்க வேண்டும். கையில் இருப்பதற்கு ஈடாகக் காத்திருப்பு.

இம்மூன்றையும் எண்ணிப் பார்த்த ரசிகர், லிங்டோவின் பெயரைத் தாளின் ஒரு பக்கத்தில் ‘விருப்பம்’ என்னும் தலைப்பின்கீழ் எழுதுவார். தடுப்பாட்டக்காரர்களின் பெயர்களை மறுபக்கத்தில் ‘கணிப்பு’ என்னும் தலைப்பின்கீழ் எழுதுவார். மனத்துக்கு அது சற்று வலிக்கும். ஆயினும், தாள் உண்மையைச் சொல்லும்.

நடந்தது என்ன?

டிராஃப்டில் முதல் பெயராக அனஸை ஜாம்ஷெட்பூர் அழைத்தது. லிங்டோ கொல்கத்தாவின் ஏடிகே அணிக்குச் சென்றார். பெங்களூரு அணி ராகுல் பேக்கே, சுபாஷிஷ் போஸ் ஆகிய தடுப்பாட்டக்காரர்களையும், லென்னி ரோட்ரிக்ஸ், ஹர்மன்ஜோத் காப்ரா முதலிய வீரர்களையும் தேர்ந்தெடுத்தது. காரணத்தோடு கணித்தவரின் எண்ணம் பெரும்பாலும் பொய்க்கவில்லை.

ஆயினும், கணிப்புக்கும் ஓர் எல்லை உண்டு. அடுத்த மாதமே இந்திய அணியின் கோல்கீப்பர் குர்பிரீத் சிங் சந்து, நார்வே நாட்டின் ஸ்டாபெக் அணியிலிருந்து பெங்களூருக்கு வந்து சேர்ந்தார். மும்பையில் வாசிக்கப்பட்ட பட்டியலை மட்டும் பார்த்துக் கோல்கீப்பரைத் தேடியவர் இதை அறிந்திருக்க இயலாது. தெரிந்த செய்தியின் அளவே கணிப்பின் அளவும் ஆகும்.

காலம் அளித்த விடை

அப்பருவத்தில் பெங்களூரு 18 ஆட்டங்களில் 40 புள்ளிகள் பெற்றுப் பட்டியலில் முதலிடம் அடைந்தது. இறுதிப் போட்டி 2018ஆம் ஆண்டு மார்ச் 17ஆம் நாள் கண்டீரவா அரங்கிலேயே நடைபெற்றது. எதிர்த்து நின்ற அணி சென்னையின் எஃப்.சி. சென்னையில் வேரும் பெங்களூரில் வாழ்வும் கொண்ட குடும்பங்களுக்கு அன்று எப்பக்கம் கைதட்டுவது என்பதே ஒரு வினாவாக இருந்திருக்கும். ஒன்பதாம் நிமிடத்திலேயே சேத்ரி கோல் அடித்தார். ஆனால், சென்னையின் பிரேசில் வீரர் மெயில்சன் ஆல்வெஸ் இரு கோல்கள் அடித்து ஆட்டத்தைத் திருப்பினார். முடிவில் சென்னை 3–2 என வென்றது. சொந்த அரங்கில் நீலச் சட்டைகள் தலைகுனிந்து நின்றன.

ஓராண்டு கழித்து அதே மார்ச் 17ஆம் நாள், மும்பையில் மற்றோர் இறுதிப் போட்டி நடைபெற்றது. பெங்களூரும் கோவாவும் மோதின. முழு நேரத்திலும் கோல் விழவில்லை. கூடுதல் நேரத்தின் 117ஆம் நிமிடத்தில், மூலையிலிருந்து வந்த பந்தைத் தலையால் முட்டி ஒருவர் கோலாக்கினார். பெங்களூரு முதன்முறையாக அக்கோப்பையை வென்றது. அக்கோலை அடித்தவர் 2017ஆம் ஆண்டு டிராஃப்டில் தேர்ந்தெடுக்கப்பட்ட ராகுல் பேக்கே. தடுப்பதற்காக அழைத்து வரப்பட்டவர் தாக்கி வென்று தந்தார். அவர் பிறந்த ஊர் மும்பை. வென்றதோ பெங்களூருக்காக.

செகந்திராபாத்தில் பிறந்த சேத்ரி, மணிப்பூரின் உதாந்தா, கோவாவின் லென்னி, வங்கத்தின் சுபாஷிஷ் எனப் பல ஊரார் அந்நீலச் சட்டையை அணிந்தனர். எந்த ஊரிலிருந்து வந்தார் என்று பெங்களூரு அவர்களைக் கேட்கவில்லை. வந்த இடத்தில் எப்படி உழைத்தார் என்பதையே பார்த்தது.

திருக்குறளின் 52ஆம் அதிகாரம் ‘தெரிந்து வினையாடல்’. செயலின் தன்மையை ஆராய்ந்து, அதற்குத் தக்கவரைத் தேர்ந்து, அவரிடம் அச்செயலை ஒப்படைப்பதைப் பற்றி அது பேசுகிறது. அணியின் பயிற்சியாளர் செய்வதும் அதுவே. தொலைவில் அமர்ந்து கணிக்கும் ரசிகரும் அவ்வழியில் எண்ணிப் பழகுகிறார். கணிப்பை எழுதி வைப்பது நன்று. எழுதாத கணிப்பு, முடிவு தெரிந்தபின் தன் வடிவை மாற்றிக்கொள்ளும்; ‘நான் அப்போதே சொன்னேன்’ என்று நம்மையே நம்பவைக்கும். காரணத்தோடு எழுதி வைத்தது பொய்த்தாலும், எந்தக் காரணம் பிழைத்தது என்பதைக் காட்டிக்கொடுக்கும்.

சொல்லும் பொருளும்

கணிப்பு – காரணங்களைக் கொண்டு வரப்போவதை முன்னரே மதிப்பிடுதல்
விழைதல் – விரும்புதல்
தக்கவைத்தல் – விலகாமல் தம்மிடமே வைத்துக்கொள்ளுதல்
எஞ்சியிருப்போர் – மீதம் இருப்பவர்கள்
பருவம் – போட்டிகள் தொடர்ந்து நடைபெறும் காலம்
பொய்த்தல் – எதிர்பார்த்தபடி நடவாமற்போதல்

மொழியறிவோம்

ஒரே வினைச்சொல் தன் வடிவத்தால் பேசுவோரின் உறுதியைக் காட்டும்.

லிங்டோ வருவார். – உறுதி
லிங்டோ வரக்கூடும். – வாய்ப்பு
லிங்டோ வர வேண்டும். – விருப்பம்

பேசும்போதும் எழுதும்போதும் இம்மூன்றையும் கலவாமல் ஆளுதல் வேண்டும்.

பயிற்சி

அ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. ஏலத்திற்கும் டிராஃப்டிற்கும் உள்ள வேறுபாடு யாது?
2. பெங்களூரு அணி தக்கவைத்த மூத்த வீரர் இருவர் யாவர்?
3. குர்பிரீத் சிங்கின் வருகையை ஏன் முன்னரே கணிக்க இயலவில்லை?

ஆ. உறுதி, வாய்ப்பு, விருப்பம் என வகைப்படுத்துக.
1. நாளை மழை பெய்யக்கூடும்.
2. எங்கள் அணி வெல்ல வேண்டும்.
3. ஆட்டம் ஐந்து மணிக்குத் தொடங்கும்.

இ. சிந்தித்து எழுதுக.
‘எந்த ஊரிலிருந்து வந்தார் என்று பெங்களூரு அவர்களைக் கேட்கவில்லை.’ இத்தொடரை உங்கள் குடும்பம் இந்நகருக்கு வந்த கதையோடு ஒப்பிட்டு ஒரு பத்தி எழுதுக.

ஈ. செயல்பாடு
உங்கள் பள்ளி விளையாட்டு விழாவில் எந்தக் குழு வெல்லும்? தாளை இரண்டாகப் பகுத்து ஒருபக்கம் விருப்பத்தையும், மறுபக்கம் கணிப்பையும் அதற்கான மூன்று காரணங்களையும் எழுதுக. விழா முடிந்தபின் தாளைப் பிரித்து, எந்தக் காரணம் சரியாக அமைந்தது என வகுப்பில் கலந்துரையாடுக.