கறிவேப்பிலைச் சாடியும் எருக்கின் உறவும்



புரோசார்ட்டில் நம் வீட்டுக் கறிவேப்பிலைக்குப் பனி பகை. மே மாதக் கடைசியில் சாடியை வெளியே வையுங்கள். செப்டம்பரில், இரவுக் குளிர் 10 பாகைக்குக் கீழே இறங்குமுன் உள்ளே எடுத்து, தெற்கு யன்னலருகே வையுங்கள். இலை கொட்டினால் செத்துவிட்டதென்று எறிந்துவிடாதீர்கள். தண்டை நகத்தால் கீறிப் பாருங்கள். பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. மேல்மண் காய்ந்த பின்பே தண்ணீர் ஊற்றுங்கள். பாவம் பார்த்து அதிகம் ஊற்றி வேரை அழுக வைத்தவர்களில் நானும் ஒருத்தி.

கோடையில் பிள்ளைகளோடு வெளியே நடந்துபோங்கள். வெயில் படும் தெருவோரங்களில் மங்கிய இளஞ்சிவப்புப் பூங்கொத்தோடு ஒரு செடி நிற்கும்; இலை கிழிந்தால் பால் வடியும். பிள்ளையாருக்குச் சாத்தும் எருக்கும் இதுவும் ஒரே தாவரக் குடும்பம். மொனார்க் வண்ணத்துப்பூச்சியின் புழுவுக்கு இந்த இனச் செடிகளே உணவு. இலையுதிர் காலத்தில் அப்பூச்சி ஏறக்குறைய 4,000 கிலோமீட்டர் பறந்து மெக்சிக்கோ போகிறது. 2023இல் கனடா அரசு அதனை அழியும் ஆபத்திலுள்ள இனமாகப் பட்டியலிட்டது. ஆகவே களையென்று வெட்டாதீர்கள்.

பயிற்சி: செடியைப் பறிக்காமல், இலையின் அடிப்பக்கத்தில் வெண்முட்டை தேடுங்கள். பால் கண்ணில் படக்கூடாது, கையைக் கழுவுங்கள். கண்டதைத் தமிழில் கொப்பியில் எழுதி, அம்மம்மாவுக்கு வாசித்துக் காட்டுங்கள்.